ஸ்டைல் பெயரில் முளைத்த வால்

பலர் கூடி எழுதும் நீண்ட ஆவணத்தின் வடிவமைப்பு ஏன் குலைகிறது என்ற கேள்விக்கு, 1987இல் கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் இதழில் ஜேம்ஸ் கூம்ஸ், ஆலன் ரெனியர், ஸ்டீவன் டிரோஸ் மூவரும் எழுதிய கட்டுரையை விடையாகக் காட்டலாம். எழுத்தின் தோற்றத்தைக் குறிக்காமல், அது தலைப்பா மேற்கோளா என்பதைக் குறித்துவிட்டால் போதும்; ஓரிடத்தில் மாற்றினால் எங்கும் மாறும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் அவர்கள் கண்முன் இருப்பவர் தனியே அமர்ந்து எழுதும் ஆய்வாளர். இப்படிப் பகுதிகளுக்குப் பெயர் சூட்டுவது பற்றி விரிவாகப் பேசும் அவர்களிடம், அந்தப் பெயரின் வரையறை எந்தக் கோப்பில் இருக்கும், அதில் கைவைக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. கூட்டு ஆவணம் குலைவது அங்கேதான்.

என்னிடம் சரிபார்க்க வந்த ஒரு தொகுப்பு நூலின் வேர்ட் கோப்பைப் பிரித்து, அதன் ஸ்டைல் பட்டியலை, அதாவது பெயரிட்ட வடிவமைப்புகளின் பட்டியலைப் படித்தேன். ‘ஹெட்டிங் 2’ இருந்தது. அடுத்து ‘ஹெட்டிங் 2 சார்’, ‘ஹெட்டிங் 2 சார் சார்’, கடைசியில் ‘ஹெட்டிங் 2 சார் சார்1’. ‘சார்’ என்பது கேரக்டர் என்பதன் சுருக்கம். வேர்ட் 2002இல் ஒரு பத்தியின் சில சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பத்தி ஸ்டைலைப் போட்டால், மென்பொருள் தானே ஓர் எழுத்து ஸ்டைலை உண்டாக்கி இந்த வாலை ஒட்டும். கோப்பு விட்டுக் கோப்பு போகும்போது வால் மேலும் நீளும். சுவடி ஆய்வில் பொதுப்பிழையை வைத்து ஏடுகளின் உறவைக் கணிக்கிறோமே, அதே முறையில் இந்த வாலையும் படிக்கலாம்: இது பலமுறை பெயர்த்தெழுதப்பட்ட ஏடு.

இது வெறும் மென்பொருள் பிழை, 2007 பதிப்பில் சீராகிவிட்டது என்று மறுக்கலாம். வால் கண்ணில் படாமல் போனது உண்மை, நோய் போகவில்லை. பெயர் ஒன்றாகவும் வரையறை வேறாகவும் உள்ள ஸ்டைலைக் கொண்ட பத்தியை, போய்ச் சேரும் கோப்பின் ஸ்டைலை ஏற்குமாறு ஒட்டினால், அந்தக் கோப்பின் வரையறையே வெல்லும். தலைப்பு சிறுத்ததைக் கண்டவர் கையாலேயே பெரிதாக்குவார். பிறகு ஸ்டைலின் வரையறையை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கைத்திருத்தம் அசையாது.

வரையறைகள் கோப்புக்குக் கோப்பு வேறுபடும் இந்த நிலை எப்போது தொடங்கியது? 1983இல் எம்எஸ்-டாஸுக்கு வந்த வேர்டில் ஸ்டைல்கள் தனிக் கோப்பில் இருந்தன. பல ஆவணங்களை ஒரே கோப்போடு இணைக்கலாம். விண்டோஸ் பதிப்புகளிலோ ஒவ்வோர் ஆவணமும் தன் வரையறையைத் தானே சுமக்கிறது. வார்ப்புரு (டெம்ப்ளேட்) ஆவணம் பிறக்கும்போது வரையறையைக் கொடுப்பதோடு சரி. தானாகப் புதுப்பிக்கும் தேர்வை நாமே போட்டால்தான் தொடர்பு நீடிக்கும். இந்த இடமாற்றமே திருப்புமுனை என்பது என் துணிபு. நேரடிச் சான்று மெலிந்ததுதான். ஆனால் கோப்புக்குக் கோப்பு ஸ்டைல்களைப் படியெடுக்க ‘ஆர்கனைசர்’ என்று தனிக் கருவியே தேவைப்பட்டதே, வரையறைகள் சிதறியிருந்ததற்கு வேறு சாட்சி எதற்கு? கூம்ஸ் குழுவினர் போற்றிய பெயரிடலுக்கு இந்த வரலாற்றில் குறைவே இல்லை.

வாலின் நீளத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்க நான் துணியமாட்டேன். ஒரே நாளில் மூன்று முறை படியெடுத்தாலும் அது வளரும். ‘சார்1’ என்று முடியும் அந்த ஸ்டைல் கோப்பு முழுவதிலும் ஒரே இடத்தில், மூன்றாம் இயலின் உட்தலைப்பிலுள்ள ஒரு காற்புள்ளியில் மட்டும் ஒட்டிக்கிடக்கிறது. அதை ஒட்டிய கை எது? கோப்பிலுள்ள ஆர்எஸ்ஐடி எண்கள் திருத்திய அமர்வைப் பிரித்துக் காட்டுகின்றன, ஆளைக் காட்டவில்லை.