முப்புரியும் ஒரு மறுப்பும்

காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு நூலைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. தறியின் ஓசையில் கண்விழித்து, தெருவின் நீளத்துக்குப் பாவு விரிவதைக் கண்டு வளர்ந்தவன் நான். ஆயினும் பட்டு ஒரு புரதம் என்பதையும், புரதமும் ஒருவகை நூலே என்பதையும் பிற்காலத்திலேதான் அறிந்தேன். அமினோ அமிலங்கள் மணிகளைப்போல் கோக்கப்பட்ட சங்கிலியே புரதம். பட்டில் அச்சங்கிலிகள் பெரும்பாலும் நீண்டு, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படிகின்றன. நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜனில் அவை எவ்வாறு அமைந்துள்ளன? மாணவர்களே, இவ்வினாவுக்கு விடை கண்டது நம் சென்னைதான்.

1952-இல் ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவரானார். அவ்வாண்டு அங்கு வந்த, அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரிவரத் தெளிவாகவில்லை என்றார். அச்சொல் வித்தாயிற்று. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்து, மூன்று சங்கிலிகள் இணைந்த முப்புரியே கொலாஜன் என்று 1954-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். மறு ஆண்டில், அம்மூன்றும் ஒன்றையொன்று கயிறுபோல் சுற்றி முறுக்கியுள்ளன என்று அதனைத் திருத்தினர். நடுவில் இடம் மிகக் குறுகியதாதலால், ஒவ்வொரு மூன்றாம் மணியும் யாவற்றினும் சிறிய கிளைசினாக இருத்தல் வேண்டும்.

அவ்வாண்டே கேம்பிரிட்ஜிலிருந்து மறுப்பு எழுந்தது. ரிச், கிரிக் ஆகிய இருவரும், முப்புரியை ஏற்றாலும், சென்னையார் காட்டிய வடிவில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். சங்கிலிகளுக்கிடையே இரண்டிரண்டாகக் கூறிய ஹைட்ரஜன் பிணைப்புகளில் ஒன்றே பொருந்தும் என்றும் கூறினர்.

இராமச்சந்திரன் சினந்து ஒதுங்கினாரில்லை. “அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?” என்று மறுப்பையே வினாவாக்கினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன், அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளிலிருந்து அணு இடைவெளிகளைத் திரட்டினார். சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் இரண்டு கோணங்களில் திரும்பக் கூடும். அணுக்கள் மோதாமல் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று கணக்கிட்டு, ஒரு சதுரப் படத்தில் குறித்தனர். பெரும் பரப்பு விலக்கப்பட்டது. சில தீவுகளே எஞ்சின. 1963-இல் வெளியான அப்படமே ‘இராமச்சந்திரன் வரைபடம்’. இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பு கண்டறியப்பட்டாலும், அது சரியா என்று அதனைக் கொண்டு சோதிக்கின்றனர்.

மறுத்தவர்கள் முற்றிலும் தவறியவர்களும் அல்லர். பிணைப்பு ஒன்றே என்ற அவர்கள் கூற்றையே பிற்காலச் சான்றுகள் ஆதரித்தன. முப்புரியும் நிலைத்து நின்றது.

ஆசிரியனாய் இருந்த காலத்தில், பிழையைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டால் என் கடமை முடிந்தது என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். ஏன் தவறு என்று ஒரு மாணவன் கேட்டபோது, “உட்கார்” என்றே சொன்னேன். அவனுடைய வினாவை நான் அன்றே அறுத்துவிட்டேன். இவ்வரலாற்றைப் படித்த நாள்முதல் அச்செயல் என்னை உறுத்துகிறது. ஆதலின் உங்களை வேண்டுகிறேன்: உங்கள் விடையை ஒருவர் மறுத்தால் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். அம்மறுப்பு எவ்வளவு மெய் என்று அளந்து பாருங்கள். இராமச்சந்திரன் 2001-இல் மறைந்தார். அவர் அளந்த அளவு இன்றும் பயன்படுகிறது.