‘கிளாஸ்’ திட்டமும் கட்டளைச் சொற்களின் தொடரமைப்பும்

இந்தியப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியின் வரலாறு 1984-85இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தோடு நெருங்கிய தொடர்புடையது. கல்வி அமைச்சகமும் மின்னணுவியல் துறையும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவும் இணைந்து மேற்கொண்ட இத்திட்டத்திற்கு முதற்கட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பிரிட்டனைச் சேர்ந்த ஏக்கார்ன் நிறுவனத்தின் பி.பி.சி. மைக்ரோ என்னும் 8 பிட் பொறி அப்பள்ளிகளுக்கு வந்தது.

பொறியோடு ஒரு தொடரமைப்பும் வந்தது என்பதே மொழியியலார் கருதத்தக்கது. அதன் நிலை நினைவகத்திலேயே பொதிந்திருந்த ‘பேசிக்’ நிரல்மொழியில் ‘பிரிண்ட் ஏ’ என எழுதவேண்டும். வினை முன், செயப்படுபொருள் பின். தமிழில் வினை இறுதியில் நிற்கும். ‘இஃப் - தென்’ இணையோ இதனினும் சிக்கலானது. ஆங்கிலத்தில் ‘இஃப்’ தனிச்சொல்லாய்த் தொடரின் தலையில் நிற்க, தமிழில் நிபந்தனை ‘வந்தால்’ என வினையின் ஈற்றில் ஒட்டும். ‘எனில்’ என்று பிரித்து நிறுத்தினாலும், அஃது ‘தென்’ நிற்கும் இடத்தில் நின்று இரண்டன் பணியையும் தானே செய்துவிடுகிறது. தலையில் வைக்கச் சொல்லில்லை. எனவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ் நிரல்மொழி அமைந்துவிடும் என்னும் எண்ணம் (இன்றும் அது மறையவில்லை) ஏற்கத்தக்கதன்று. கலைச்சொல்லாக்கத்திற்கு முன் தொடரியல் ஆராயப்பட்டிருக்க வேண்டும்.

எழுத்துச் சிக்கல் வேறு. அப்பொறியில் புதுக் குறியொன்றை 8×8 புள்ளிக் கட்டத்துள் வரையலாம். ‘ண’, ‘ஐ’ போன்றவை அதனுள் தெளிவுபட அமைதல் அரிது. இந்திய எழுத்துகளுக்கான ‘இஸ்கி’ குறியீட்டு முறை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமானது 1991இல்தான்.