ழகரம் தேடி

1886-இல் பாரிஸில் பால் பாஸி முதலான மொழியாசிரியர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். அவர்களது ஒலியெழுத்து 1888-இல் வெளிவந்தது. கடை சாத்தியபின் அதைப் படித்தேன். கடல், தங்கம், அகம் – எழுதுவது ஒரே ககரம். வாயிலே வருவதோ மூன்று ஒலி! ழகரத்துக்கு, கவிழ்த்துப் போட்ட 'ஆர்', அதிலே ஒரு கொக்கி.

நம்மவர்க்கு இது புதிதா என்ன? மதுரைப் பக்கம் மாங்குளத்தில் சமண முனிவர்க்குக் குகைப் பள்ளி அமைத்துக் கல்லில் பொறித்தவர்கள், வடக்கத்திப் பிராமியில் இல்லாத ழ, ன ஒலிகளுக்குத் தனி வடிவம் வைத்துக்கொண்டார்கள். 1882-இல் ராபர்ட் சுவெல் கண்ட கல்வெட்டு அது. இத்தகைய எழுத்துகளைப் பிடித்துத்தான் 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று நிறுவினார்.

பம்பாயில் பிறந்த என் பேத்திக்கோ பழம் 'பளம்'தான். நாக்கை வளை, மேலே ஒட்டவிடாதே என்று படம் போட்டுக் காட்டினேன். நேற்று ஒரு தடவை சரியாக வந்தது.