31 வயதில் முதல் தங்கம்

ஜிம்னாஸ்டிக் என்றதும் பலருக்கு நினைவில் வருபவர் நாடியா கொமனேச்சி. 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் முழுப் பத்துப் புள்ளி வாங்கியபோது அவருக்கு வயது 14. இருபதைத் தாண்டினாலே 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்கிய காலம் இந்த விளையாட்டில் உண்டு. ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது, முதல் ஒலிம்பிக் தங்கத்தை 31 வயதிலும் மேலும் நான்கு தங்கங்களை 35 வயதிலும் வென்ற ஒருவரைப் பற்றி. ஆக்னஸ் கெலெட்டி. ஹங்கேரி நாட்டு யூதப் பெண்மணி.

யூதர் என்றால் எங்கோ தொலைதூரத்து மக்கள் என்று நினைக்கிறோம். பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி அக்கரைக்குப் போனால், ஜோர்ஜ்டவுனில் 1805ஆம் ஆண்டு தொடங்கிய யூதர் மயானம் இருக்கிறது. அந்தச் சாலைக்கு இன்று ஜாலான் ஜைனால் அபிடின் என்று பெயர். முன்பு ஜாலான் யாஹுடி. இதைச் சொல்லக் காரணம், இன்றைய அரசியலைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு ஒரு விளையாட்டு வீராங்கனையின் வாழ்க்கையாக இதை நீங்கள் கேட்க வேண்டும் என்பதுதான்.

ஆக்னஸ் 1921 ஜனவரி 9ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். நான்கு வயதில் பயிற்சி, 16 வயதில் தேசிய வெற்றியாளர். 1940 ஒலிம்பிக் ஹெல்சின்கியில் நடப்பதாக இருந்தது. போர் அதை விழுங்கியது. 1944 ஒலிம்பிக்கும் நடக்கவில்லை. அதற்கு முன்பே, 1941இல், யூதர் என்ற ஒரே காரணத்துக்காக அவரை விளையாட்டுச் சங்கத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். சட்டத்தின் மேல் நின்று சமநிலை தவறாத பெண்ணை, பிறப்பைக் காட்டித் தள்ளிவிட்டார்கள்!

1944இல் நாஜிப் படை ஹங்கேரியைப் பிடித்தது. ஆக்னஸ் ஒரு கிறிஸ்துவப் பெண்ணின் அடையாளப் பத்திரங்களை விலைகொடுத்து வாங்கி, கிராமம் ஒன்றில் வீட்டு வேலைக்காரியாக மறைந்து வாழ்ந்தார். புடாபெஸ்ட் முற்றுகையின்போது காலை வேளைகளில் தெருவில் கிடந்த பிணங்களைச் சேகரித்துப் புதைகுழிக்குக் கொண்டுபோன வேலையும் அவருடையது. தாயும் சகோதரியும் ஸ்வீடன் தூதரக அதிகாரி ராவுல் வாலன்பர்க்கின் உதவியால் பிழைத்தார்கள். தந்தை ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார்.

இதோடு விளையாட்டை மறந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ மீண்டும் பயிற்சிக்குப் போனார். 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குத் தேர்வாகி, கணுக்கால் தசைநார் கிழிந்ததால் களம் இறங்க முடியவில்லை. ஒருவழியாக 1952இல் அதே ஹெல்சின்கி. பன்னிரண்டு ஆண்டு தாமதம்! தரைப் பயிற்சியில் தங்கம். கூடவே ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம்.

1956 மெல்பர்ன்தான் அவருடைய உச்சம். (மலாயா முதன்முதலாக ஒலிம்பிக்கில் கால் வைத்ததும் அங்கேதான்.) பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள சமநிலைச் சட்டம், உயரம் மாறுபட்ட இரட்டைச் சட்டங்கள், தரைப் பயிற்சி, குழுக் கருவிப் பயிற்சி என நான்கு தங்கம், இரண்டு வெள்ளி. ஒட்டுமொத்தத் தனிநபர் பிரிவில் அவரை முந்திய சோவியத் வீராங்கனை லாரிசா லத்தினினா ஏறக்குறைய 14 வயது இளையவர். தரைப் பயிற்சித் தங்கத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அதே நவம்பரில்தான் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டில் புகுந்து ஹங்கேரியின் எழுச்சியை நசுக்கியிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த மேடையில் எத்தனை இறுக்கம் இருந்திருக்கும்!

மொத்தம் பத்து ஒலிம்பிக் பதக்கங்கள், அதில் ஐந்து தங்கம். ஆனால் ஹங்கேரிக்கு அவர் திரும்பவில்லை. ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் கேட்டார். 1957இல் இஸ்ரேல் போய்க் குடியேறி, விங்கேட் உடற்கல்வி நிலையத்தில் பல்லாண்டுகள் கற்பித்தார். தேசிய ஜிம்னாஸ்டிக் அணியையும் உருவாக்கினார். புகழுக்காக அல்ல, உலகத்தைப் பார்க்கத்தான் விளையாடினேன் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லி வந்தார். வீர வசனங்களைவிட இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

2015இல் அவர் புடாபெஸ்டுக்கே திரும்பினார். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் பார்க்க வந்தவர்கள் முன் கால்களை நேர்கோடாக விரித்து உட்கார்ந்து காட்டுவார். இந்த வயதில் இது வேண்டாம் என்று பராமரிப்பாளர் தடுக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 2ஆம் நாள் காலமானபோது, 104ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரமே இருந்தது.