ஏழுக்கு நாலு

1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம் சில பக்கங்கள்தான். ஒரு மதியத்தில் படித்துவிடலாம். இலங்கையில் நாடற்றவர்களாக இருக்கும் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். வகுத்துப் பார்த்தால் ஏழுக்கு நாலு. பதினைந்து வருடத்தில் முடிக்க வேண்டும், இரண்டும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும்.

கூட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், 1,50,000 பேர் குறைகிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாக இன்னொரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. கோடு எழுதும்போது நாங்கள் 'டூடூ' என்று ஒரு கமென்ட் போட்டுவிட்டு ரிலீஸுக்குப் போவோம், அதே மாதிரி. 1974-ல் அந்த மிச்சத்தையும் எடுத்து ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்ட இரண்டு தரப்பிலும் அந்த மக்கள் இல்லை.

இந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் வருகிறது. தாத்தா அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1973-ல் பாட்டியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், பிறகு கோத்தகிரி. இப்படி வருகிறவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்திருந்தது, இன்றைக்கு டான்டீ என்கிறோமே அதுதான். அங்கே கொழுந்து பறித்தவர்கள் இங்கேயும் கொழுந்து பறித்தார்கள். அங்கே 'இந்தியாக்காரன்' என்றார்கள், இங்கே 'சிலோன்காரன்' என்றார்கள்.

தாத்தாவின் ஒரே தங்கை வரவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த அத்தைக்கு சிலோன்தான் பிடித்திருந்தது, அங்கேயே குடியுரிமை வாங்கிக்கொண்டார், அண்ணன் வேண்டாம் என்று ஆகிவிட்டது. 1992-ல் தாத்தா இறந்தபோது தந்தி அடித்தும் அவர் வரவில்லை என்பதுதான் இந்தக் கதைக்கு ஆதாரம். பொங்கலோ கல்யாணமோ, நாலு பேர் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும். கடிதமும் நின்றுபோனது.

போன வருடம் நான் இலங்கைக்குக் கிளம்பியபோது கையில் இருந்தது ஒரு பழைய ஏரோகிராம். அதன் பின்பக்கத்து முகவரியில் தோட்டத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர். அப்பா சொல்லும் பெயர் முற்றிலும் வேறு. இது மலையகத்தில் சாதாரணம். துரைமார் ஸ்காட்லாந்திலோ இங்கிலாந்திலோ இருக்கும் ஊரின் பெயரை வைத்தால், தோட்டத்து ஆட்கள் தங்களுக்கு வாகாக ஒன்றை வைத்துக்கொண்டார்கள். பழைய பிளான்டர் டைரக்டரிகளில் தமிழ்ப் பெயர்களுக்கென்று தனிப் பட்டியலே உண்டு, அது இல்லாமல் துரைக்கே வேலை ஓடாது. கூகுள் மேப்பில் மட்டும் இல்லை. அட்டன் ஸ்டேஷன் வாசலில் நின்ற ஓட்டோக்காரரிடம் அப்பா சொன்ன பெயரைச் சொன்னேன். "எந்த டிவிஷன், மேலயா கீழயா?" என்று மட்டும் கேட்டார்.

போகிற வழியெல்லாம் மலையைச் சீவி வைத்த மாதிரி தேயிலை. 1820-களில் காப்பிக்காகக் காடு வெட்ட ஆரம்பித்தபோது, மன்னாரில் இறங்கி வன்னிக் காட்டு வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்தே வந்தவர்கள் எங்கள் ஆட்கள். வழியில் காலராவில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. 1869-ல் காப்பி இலையில் துரு நோய் விழுந்து, அடுத்த இருபது வருடத்தில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. காப்பிக்கு வந்த ஆட்கள் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்ப முடிந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கை வேண்டும். அதனால்தான் லயம் வந்தது, குடும்பம் வந்தது, கங்காணியிடம் கடன் வந்தது. பிற்பாடு வந்தவர்களின் கழுத்தில் தோட்டத்து எண் அடித்த தகரத் துண்டைக் கட்டி அனுப்பினார்கள். அதுவே டிக்கெட், அதுவே அடையாள அட்டை.

1947 தேர்தலில் இந்த மக்கள் ஓட்டுப் போட்டார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடம் ஜெயித்தது. அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம். தகப்பன் இலங்கையில் பிறந்தார் என்றோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்றோ காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பதிவு வைத்தது? 1949-ல் ஓட்டும் போனது. 1964-ல் 'நாடற்றவர்' என்று எண்ணப்பட்டவர்கள் இப்படி உண்டாக்கப்பட்டவர்கள்.

பாட்டிக்கு (அப்பாவுக்கு அத்தை, நான் பாட்டி என்றே கூப்பிட்டேன்) எண்பத்தொரு வயது. பத்து வீட்டு லயத்தில் தொங்கல் வீடு. என்னை உட்காரவைத்து, இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி கொடுத்து, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"அண்ணன் சாவுக்கு நான் வரலன்னு அங்க பேசிக்கிட்டாங்கதானே ராசா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இழுத்தார். பாலிதீன் உறைக்குள் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. அட்டையில் சிங்கமுகத் தூண். இந்தியப் பாஸ்போர்ட். 1979-ல் கண்டியில் வழங்கப்பட்டது. உள்ளே முப்பத்தேழு வயதுப் பாட்டி, பிள்ளைகள் பெயர் எழுதும் பக்கத்தில் மூன்று பெயர்கள்.

எங்கள் வீட்டுக் கதை அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கவில்லை. பாட்டியும் இந்தியாவைத்தான் கேட்டிருக்கிறார். விண்ணப்பம் குடும்பத் தலைவர் பெயரில் போனது. தாத்தாவின் தாளில் பாட்டனார் கணக்கில் இருந்தவர்கள் ஒரு வரிசை, கல்யாணமாகி அடுத்த டிவிஷனுக்குப் போன தங்கை புருஷன் தாளில் இன்னொரு வரிசை. இரண்டு தாளும் 1970 கெடுவுக்குள் போனவைதான். அண்ணனின் முறை 1973-ல் வந்தது, தங்கையின் முறை ஆறு வருடம் கழித்து. அதற்குள் மூத்த பெண்ணுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். தாத்தாவுக்கு (பாட்டியின் கணவரை அப்படித்தான் சொல்ல வேண்டும்) சேமலாபப் பணம் கைக்கு வராமல் கிளம்ப மனமில்லை. புறப்படும்வரை, அல்லது 55 வயதுவரை, இருந்த வேலையில் நீடிக்கலாம் என்று ஒப்பந்தமே இடம் கொடுத்தது. அவசரம் என்ன என்று இருந்துவிட்டார்கள்.

1983-ல் கலவரம். 1984-ல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. பாட்டியைப் போல இந்தியப் பாஸ்போர்ட்டோடு காத்திருந்தவர்கள் எண்பதாயிரத்துக்கும் மேல். இலங்கையில் தங்குவதற்கான விசா முத்திரை பாட்டியின் பாஸ்போர்ட்டில் அந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த பக்கங்கள் காலி.

"தந்தி மூணு நாள் கழிச்சு வந்துச்சு. ஓடியாந்து கணக்கப்பிள்ளை அய்யாகிட்ட கேட்டோம். போறதுன்னா பிளேன்ல போகலாம்மா, ஆனா போனா திரும்ப விடமாட்டாங்கன்னாரு. சின்னவன் பத்தாவது படிச்சான். இவருக்கு நெஞ்சு வலி. நான் அண்ணன் மொகத்தைப் பாக்கப் போயி, இதுங்கள எங்க விடுறது?"

கொழும்புவரை போவதே அன்றைக்குப் பயம். தேசிய அடையாள அட்டை இல்லாத தமிழர், யுத்த காலம், வழியெல்லாம் செக்பாயிண்ட். இந்தியப் பாஸ்போர்ட் இருந்ததால் அவர் இந்தியக் குடிமகள், இந்தியாவுக்கு ஒரே ஒரு முறை போகலாம். கோத்தகிரியில் நாங்கள் 'சிலோன் குடியுரிமை வாங்கிக்கொண்ட அத்தை' என்று பேசிக்கொண்டிருந்த அத்தனை வருடமும் அவர் சட்டப்படி எங்கள் நாட்டுக்காரர்.

2003-ல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றி, 1964 முதல் அங்கேயே இருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள், இலங்கைக் குடிமக்களாக விரும்புகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பாட்டி கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்தே போட்டாராம், அதை இரண்டு முறை சொன்னார். அதற்குப் பிறகு வந்த தேர்தலில் முதன்முறையாக ஓட்டுப் போட்டபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவருடைய அப்பா 1947-ல் ஓட்டுப் போட்டவர்.

யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன். "அது எதுக்கு ஒனக்கு?" என்றார்.

மறுநாள் கிளம்பும்போது பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், ஸ்கேன் எடுத்துத் தருகிறேன் என்றேன். கையில் தர மாட்டேன் என்றார், முற்றத்து வெளிச்சத்தில் அவரே பக்கம் பக்கமாகப் பிடித்துக்கொள்ள நான் போனில் எடுத்தேன். காலிப் பக்கங்களையும் எடுக்கச் சொன்னார். தாத்தா இறந்த திதியைக் கேட்டார், எனக்குத் தேதிதான் தெரிந்திருந்தது, போனில் பஞ்சாங்கம் தேடிப் பார்த்துச் சொன்னேன். பக்கத்து லயத்துப் பையனைக் கூப்பிட்டுக் காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டார்.

அன்று இரவே படங்களைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். வழக்கமாக 'குட் மார்னிங்' போடும் சித்தப்பாகூட ஒன்றும் போடவில்லை. இரண்டு நாள் கழித்து அப்பா போன் செய்தார். ஊர், மழை, சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அத்தைக்குக் காது கேக்குதா? போன்ல பேசினா புரியுமா?" என்றார்.