தோலில் தெரிந்த வலை: ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறியின் வரலாறு

உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் உடலுக்கே எதிராகத் திரும்புவதால், தேவையற்ற இடங்களில் இரத்தம் உறையும் நோய் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி எனப்படும். கால் சிரைகளில் இரத்த உறைவு, இளவயதுப் பக்கவாதம், அடுத்தடுத்த கருச்சிதைவு ஆகியன இதன் முக்கிய விளைவுகள். சிலருக்கு இவை நேரும் முன்பே கை, தொடை ஆகிய இடங்களில் ஊதா நிறக் கோடுகள் வலைபோலத் தோன்றும். இக்கோடுகளின் பொருள் விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

வலைக்கோடுகள்

தோலின் சிறு குழாய்களில் ஓட்டம் மந்தமாகி, ஆக்சிஜன் குறைந்த இரத்தம் தேங்குவதால் இக்கோடுகள் உண்டாகின்றன. இதன் பெயர் லிவிடோ ரெட்டிகுலாரிஸ். நலமாக உள்ளவர்களுக்கும் குளிரில் இது தோன்றி, உடல் சூடானதும் மறையும். மறையாமல் நிலைத்து, அறுந்த வலைபோல் காணப்படும் வகை லிவிடோ ரேசிமோசா ஆகும். இதுவே கவனிக்கத்தக்கது. கருநிறத் தோலில் இதைக் கண்டறிவது கடினம்.

குழப்பிய சோதனைகள்

1906இல் சிபிலிஸ் என்னும் பால்வினை நோய்க்கான வாசர்மான் சோதனை வந்தது. அதில் வினைபுரியும் கார்டியோலிப்பின் என்ற பாஸ்போலிப்பிட்டை 1941இல் மேரி பாங்பார்ன் மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்தார். ஆனால் சிபிலிஸ் இல்லாத சிலருக்கும் சோதனை அந்நோய் இருப்பதாகக் காட்டியது. இல்லாத நோயின் பழியைச் சுமத்தக்கூடிய முடிவு அது. அவர்களுள் சிலருக்கு இருந்தது லூபஸ் என்னும் தன்னுடல் தாக்கு நோய்.

1952இல் கான்லி, ஹார்ட்மன் இருவரும் லூபஸ் நோயாளிகளின் இரத்தத்தில் உறைதலைத் தாமதப்படுத்தும் பொருளைக் கண்டனர். சோதனைக் குழாயில் உறைதலைத் தடுத்த அதே பொருள் உடையவர்களுக்கு உடலுக்குள் இரத்தம் உறைந்தது 1963இல் பதிவானது. இம்முரண் மருத்துவர்களைத் திகைக்க வைத்தது.

ஸ்னெடனும் ஹியூசும்

1965இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத் தோல் மருத்துவர் இயன் ஸ்னெடன், வலைக்கோடுகளும் பக்கவாதமும் சேர்ந்திருந்த ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். காரணம் அப்போது தெரியவில்லை. 1983இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையின் கிரஹாம் ஹியூஸ், உறைவு, கருச்சிதைவு, மூளைப் பாதிப்பு ஆகியவற்றை எதிர்ப்பொருள்களோடு இணைத்துக் காட்டினார். தோல் மருத்துவர்களிடையே ஆற்றிய உரையிலும் வலைக்கோடுகளைச் சுட்டினார். அதே ஆண்டில் கார்டியோலிப்பின் எதிர்ப்பொருளை அளக்கும் நுட்பமான சோதனையும் வெளியானது. ஸ்னெடன் கண்ட நோயாளிகளைப் போன்ற எல்லோருக்கும் இவ்வெதிர்ப்பொருள்கள் இருப்பதில்லை, பலருக்கு உண்டு.

பன்னிரண்டு வாரங்கள்

தொற்றுநோய்களாலும் இவ்வெதிர்ப்பொருள்கள் தற்காலிகமாகத் தோன்றும். எனவே 2006இல் வெளியான சிட்னி வரையறை, குறைந்தது 12 வார இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும் என்றது. நோயாளிக்கு இது கவலை மிகுந்த காத்திருப்பு. எனினும் உறைவு ஏற்பட்டுவிட்டால், இரண்டாம் முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைப்பதில்லை.

சிட்னி வரையறையில் தோல் அறிகுறி கணக்கில் சேரவில்லை. 2023இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் வெளியிட்ட வரையறையில் லிவிடோ ரேசிமோசா இடம்பெற்றது. ஸ்னெடன் எழுதி அப்போது 58 ஆண்டுகள் கடந்திருந்தன.