சார்பு, தப்பெண்ணம், வார்ப்புப் பார்வை: அன்னவாசல் தரும் பாடம்

மனிதன் தன் சக மனிதனைத் தவறாக எடைபோடும் வழிகளுள் மூன்று முக்கியமானவை. அவற்றை நாம் ஒன்றாகவே கருதிவிடுகிறோம். ஆனால் அவை வெவ்வேறு நோய்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வேறு. புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் வட்டாரத்தின் வரலாறே இதற்குச் சான்றாக அமைந்துள்ளது.

அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசல் குன்றில் சமணத் துறவியரின் கற்படுக்கைகளும், ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய தமிழிக் கல்வெட்டும் உள்ளன. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அங்குள்ள அறிவர் கோயிலைப் புதுப்பித்தார். சமணருள் ஆடை துறந்தோர் திகம்பர ஆண் துறவியர் மட்டுமே. இல்லறத்தாரும் சுவேதாம்பரத் துறவியரும் உடை உடுத்தியவர்களே. ஆயினும் 'அமணம்' என்னும் சமயப் பெயரே 'அம்மணம்' எனத் திரிந்து நிர்வாணத்தைக் குறிக்கலாயிற்று என்பர் சொல்லாய்வாளர். சிலரின் அடையாளத்தை ஒரு சமுதாயம் முழுவதன் மீதும் ஏற்றுவதே வார்ப்புப் பார்வை. அதில் பகைமை இருந்தாக வேண்டும் என்பதில்லை, அறியாமையே போதும்.

தப்பெண்ணம் அவ்வாறன்று. அது வெறுப்பையும் இழிவுபடுத்தலையும் உடன்கொண்டது. 2022 டிசம்பரில், அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த வேங்கைவயலில், தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது. விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் அங்கே தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறையையும், கோயில் நுழைவு மறுக்கப்படுவதையும் கண்டனர். அம்மக்களை அவர்களே கோயிலுக்குள் அழைத்துச் சென்றனர். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. தனிக் குவளையோ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் எஞ்சியிருந்தது.

மூன்றாவதான சார்பு, கண்ணுக்குப் புலப்படாதது. 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் இப்னு கல்தூன், வரலாற்றில் பொய் புகுவதற்கான காரணங்களுள் முதலாவதாகக் கொள்கைச் சார்பையே குறிப்பிடுகிறார். சார்புடைய உள்ளம் தனக்கு உவப்பான செய்தியை ஆராயாமலே ஏற்றுக்கொள்ளும் என்பது அவர் கருத்து. வேங்கைவயல் வழக்கில் 2025 ஜனவரியில், அக்குடியிருப்பின் சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. அதனை அம்மக்கள் ஏற்க மறுத்தனர். சான்றுகளைக் காணுமுன்னரே 'இருக்கும்' என்றோ 'இருக்காது' என்றோ நம் உள்ளம் முந்திக்கொண்டதாயின், அதுவே நம் சார்பு.

வார்ப்புப் பார்வைக்கு அறிவும் பழக்கமும் மருந்து. தப்பெண்ணம் செயலாகும்போது சட்டமே அதனைத் தடுக்க வேண்டும். சார்புக்கோ தன்னைத்தான் விசாரித்துக்கொள்வதன்றி வேறு மருந்தில்லை. பிறரை எடைபோடுமுன் நம் தராசைச் சரிபார்ப்பதே நீதியின் முதற்படி.